எல்லார் கைபேசியிலும் ஒரே பக்கம்

இல்லாத ஆளின் பெயரில் விளக்கு எழுதக் கூடாது என்று கோயில் செயலாளர் யென் சொன்னபோது ருவோலான் சிரித்துவிட்டாள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் முகம் மாறவே இல்லை.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க இரண்டு பெயர்கள் வேண்டும், அவ்வளவுதான். புத்தாண்டுக்கு முன் கடல் தெய்வமான மாட்ஸு அம்மன் கோயிலில், வருடம் முழுவதும் அவரவர் பெயரில் எரியும் விளக்குகளுக்குப் பதிவு தொடங்கும் நாளில், பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் தைபேயிலிருந்தும் காவ்ஷியுங்கிலிருந்தும் ஒரே நேரத்தில் தளத்துக்குள் நுழைவார்கள். சில வருடங்களாகவே அந்த நேரத்தில் தளம் படுத்துவிடுகிறது. அப்புறம் வயதானவர்கள் கடற்காற்றில் கோயில் வாசலில் வரிசை கட்டி நிற்க வேண்டியதுதான். இந்த வருடம் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ருவோலானையும் அவளுடைய கூட்டாளி திங்யுவானையும் கோயில் குழு அமர்த்தியிருந்தது. திங்யுவான் கல்லூரியில் அவளுக்கு மூத்தவன். சேர்ந்து தொழில் தொடங்கிய பிறகும் அவள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

கோயிலில் பழைய சர்வர் ஒன்று இருந்தது. பக்தர்களின் பெயர், முகவரி, வேண்டுதல் எல்லாம் அதில்தான். வந்திருப்பது யார், அவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பது அதற்கு மட்டுமே தெரியும். ஆனால் கூட்டம் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் ருவோலான் அதற்கு முன்னால் இன்னொரு சர்வரை வாசலில் ஆள் நிறுத்துவதுபோல நிறுத்தினாள். வருகிறவர்களை அது வரவேற்கும். கேட்டதை உள்ளே சொல்லி, பதிலை வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கும். கோபுரப் படம், அம்மன் படம் போல எல்லாருக்கும் பொதுவானவற்றுக்கு ஒரு பிரதி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் உள்ளே போகாமல் தானே எடுத்துக் கொடுக்கும். பிரதி எடுப்பது படங்களுக்கு மட்டும்தான். அதை அவள் தெளிவாக எழுதி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் சோதிக்கத்தான் இரண்டு பெயர்கள் கேட்டாள். சும்மா ஏதாவது ஒரு பெயர் போதும், அப்புறம் அழித்துவிடலாம் என்றாள்.

யென் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மன் சந்நிதியில பேரு எழுதினா அது விளக்குதாம்மா. எழுதிட்டு அழிக்கிறது வெள்ளைப் பலகையில. இங்க இல்ல."

உண்மையான ஆட்களையாவது தாருங்கள் என்று கேட்டாள். நல்ல நேரத்துக்கு முன்னால் யார் பெயரையும் எழுதக் கூடாது என்றார். பிறகு அவருக்கே மனம் இளகி, பிறை வடிவ மரக்கட்டைகளைச் சந்நிதியில் வீசி அம்மனிடம் கேட்டார். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் முன்கூட்டியே எழுதலாம் என்று உத்தரவு விழுந்தது. இன்னொரு பெயருக்கும் கேட்டுப் பாருங்கள் என்றாள் ருவோலான். கொடுத்த பிறகு மறுபடியும் கை நீட்டுவது பேராசை என்று கட்டைகளை எடுத்து வைத்துவிட்டார்.

அப்படி யென்னின் பெயர் ஒன்றை வைத்தே சோதனை நடந்தது. கோயிலில் இருந்த கைபேசிகளில் எல்லாம் அவர் பெயரிலேயே நுழைந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் யென்னின் பக்கம் வந்தது. ஆனால் பக்கம் திறக்கச் சற்றுத் தாமதமானது. யென் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ருவோலான் சாப்பாடு வாங்கக் கடைவீதிக்குப் போன நேரத்தில், படங்களுக்கு மட்டும் என்று அவள் போட்டிருந்த கட்டுப்பாட்டைத் திங்யுவான் நீக்கினான். இனி எல்லாப் பக்கங்களுக்கும் முன்வாசல் சர்வரே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடியும் சோதித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. எல்லாக் கைபேசிகளிலும் யென் பெயர்தான். வேறு யார் பெயர் வரமுடியும்? யென் திங்யுவானின் முதுகில் தட்டினார். அதை ருவோலானிடம் சொல்ல வேண்டும் என்று திங்யுவானுக்குத் தோன்றவில்லை.

பதிவு நாளன்று, பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரத்தில் குழுத் தலைவர் முரசை அடித்தார். தளம் திறந்தது.

முதலில் நுழைந்தவள் ஷியூலுவான். சந்தையில் மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவள். ஒவ்வொரு வருடமும் முதல் விளக்கு அவளுடையதுதான். மகன் ஜிஹோங் தூரக் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான், பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாகச் சந்தையில் எல்லாரும் நம்பினார்கள். அவளும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அன்று கஞ்சிப் பானைக்கு அருகே நின்றபடியே வேண்டுதலை எழுதி முடித்து, 'என் விளக்குகள்' பக்கத்தைத் திறந்து சரிபார்த்தாள்.

அவள் பார்த்த அந்தப் பக்கத்தை முன்வாசல் சர்வர் பிரதி எடுத்து வைத்துக்கொண்டது.

அதன் பிறகு 'என் விளக்குகள்' என்று அழுத்திய ஒவ்வொருவருக்கும் அந்தப் பிரதியே போனது. தைபேயில் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும், காவ்ஷியுங்கில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கும், பக்கத்துத் தெருவில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்தது ஷியூலுவானின் வேண்டுதல். மகன் ஜிஹோங், தைனான் சிறை. முதியவர்களை ஏமாற்றிப் பணம் வாங்கும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் புத்தி வரட்டும். அவன் போய்ப் பணம் வாங்கிவந்த அந்தக் கிழவருக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும்.

கோயில் அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியதும் ருவோலானுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என் பெயரைக் காணவில்லை, வேறு யாரோ வருகிறார்கள் என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். அவள் தன் கைபேசியில் அழுத்திப் பார்த்தாள். படித்தாள். உடனே கணினியில் உட்கார்ந்து அமைப்பைத் திறந்தாள். தான் எழுதிய வரி அங்கே இல்லை. அதைத் திரும்ப எழுதி, சேர்த்து வைத்திருந்த பிரதிகளையெல்லாம் அழித்தாள். அவரவர் பக்கம் அவரவருக்குப் போகத் தொடங்கியது. ஆனால் அதற்குள் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். படித்ததை அழிக்க எந்தச் சர்வராலும் முடியாது.

"படத்துக்கு மட்டும்னு எழுதி வச்சிருந்தேன். யாரு எடுத்தது?" என்றாள்.

திங்யுவான் அவளைப் பார்க்கவில்லை. "லேட்டாகுதுன்னார். அப்புறம் சோதிச்சுத்தான் பார்த்தோம். சரியாத்தான் வந்துச்சு."

"அவரோட பேர்ல போய் அவரையே பார்த்துட்டு வந்தீங்க. அதுக்குப் பேரு சோதனையா அண்ணே? கண்ணாடி பார்க்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவளுக்கு வந்தது கோபம்தான். அவன்மேல் கோபம். கட்டைகளை எடுத்து வைத்த யென்மேல் கோபம். அம்மன்மேலும் கொஞ்சம் கோபம் வந்தது. வந்த உடனே பயந்து, சந்நிதிப் பக்கம் திரும்பி மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். உத்தரவு கேட்டது மனிதன். அவனுக்கு வேண்டிய கேள்வியை மட்டும்தான் கேட்டான். கேட்காத கேள்விக்கு அம்மன் என்ன செய்வாள்?

தொலைபேசி ஓயவில்லை. ஆனால் அதில் ஒன்றை அவள் கவனித்தாள். பலர் பேச்சை முடிக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். யாரோ ஒரு அம்மாவோட பக்கம் போல, நான் படிக்கவில்லை, உடனே மூடிவிட்டேன், அவங்ககிட்ட சொல்லிடுங்க என்றார்கள். படித்திருப்பார்கள். இருந்தாலும் படிக்கவில்லை என்று சொல்லத் தோன்றியதே, அதை ருவோலான் அவர்கள் கணக்கில் நல்லதாகவே வைத்துக்கொண்டாள்.

யென் ஒரு தாளைக் கொண்டுவந்து திங்யுவானிடம் நீட்டினார். தளத்தில் போட வேண்டிய அறிவிப்பு, ஒலிபெருக்கியிலும் படிக்கப் போகிறோம் என்றார். ருவோலான் அவன் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். பக்தர் ஒருவர் தவறான இடத்தில் அழுத்திப் பதிவு செய்ததால் அவருடைய விவரங்கள் சிறிது நேரம் பிறருக்குத் தெரிய நேர்ந்தது, கோயில் வருந்துகிறது என்று இருந்தது.

"அவங்க எங்கயும் தப்பா அழுத்தலை," என்றாள்.

தெரியும் என்றார் யென். ஆனால் கோயில் தவறு செய்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பி எப்படிப் பெயர் கொடுப்பார்கள், அடுத்த வருடம் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்று நிதானமாக விளக்கினார். அவர் கெட்டவர் அல்லர். தன் சட்டையைவிடக் கோயில் தூணை அக்கறையாகத் துடைப்பவர். அதனால்தான் ருவோலானுக்கு இன்னும் கோபம் வந்தது. அந்தம்மா பெயர் என்ன ஆவது என்று கேட்டாள்.

"அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே," என்றார் யென். "கெட்டதுல இன்னும் என்ன கெடப் போகுது?"

அவள் தாளைக் கிழித்துப்போட்டாள். இந்தப் பொய்யைப் போட்டால் அடுத்த வருடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். போடாவிட்டாலும் வேறு ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் யென். திங்யுவான் விசைப்பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வெளியே வந்து சந்தையை நோக்கி நடந்தாள்.

கஞ்சிக் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சுற்றியிருந்த கடைகளில் மட்டும் தேவைக்கு மேல் ஆட்கள் நின்றார்கள். ஷியூலுவான் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே சிப்பி உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "என்ன ஷியூலுவான், உன் பையனோட கப்பல் இப்ப எந்தத் துறைமுகத்துல கட்டிக் கிடக்கு?" என்றாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ருவோலான் கிட்டே போய்க் குனிந்து வணங்கித் தான் யார் என்று சொன்னாள். ஷியூலுவான் கத்தியை வைக்கவில்லை.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணா? வா. இன்னும் எதையாவது படம் புடிச்சு ஊருக்கு அனுப்பணுமா? என் வீட்டு அடுப்படி இருக்கு, புருஷன் சமாதி இருக்கு. எல்லாத்தையும் காட்டிடு."

மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தி என்று அவள் தொடங்கும்போதே கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. யென்னின் குரல் சந்தைக் கூரைமேல் ஒலித்தது. பக்தர் ஒருவர் தவறான இடத்தில் அழுத்தியதால் என்று அந்த வாசகம் அப்படியே வந்தது. தாளைக் கிழித்தாலும் வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம்.

ஷியூலுவானின் கத்தி நின்றது. அவள் முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் வந்ததைப் பார்க்க ருவோலானுக்குப் பொறுக்கவில்லை.

"நானா?" என்றாள் ஷியூலுவான், சின்னக் குரலில். "கண்ணாடி போடாமத்தான் எழுதினேன். நான்தான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேனா? என் பையனை நானே காட்டிக் குடுத்துட்டேனா?"

சந்நிதிக்குக் கோபத்தோடு போகக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே ருவோலானுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆனால் ஒரு தாய் தன்மேலேயே பழியை எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்தும் கோபப்படாமல் இருப்பதை அம்மன் பக்தி என்று ஏற்றுக்கொள்வாளா என்ன? ருவோலான் சந்தை முழுவதற்கும் கேட்கும்படி பேசினாள். இவங்க எதையும் தப்பாக அழுத்தவில்லை. தப்பு எங்களுடையது. இவங்க பக்கத்தை எங்கள் இயந்திரம்தான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தது. ஒலிபெருக்கியில் சொன்னது பொய்.

சிப்பிக்காரியின் கை நின்றது. அவள் ஷியூலுவானைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். எழுந்து வந்து, வெறிச்சோடியிருந்த கஞ்சிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் கேட்டாள். ஷியூலுவான் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"நீயே ஊத்திக் குடி. எனக்கு வேலை இருக்கு."

இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துப் பலகைமேல் எறிந்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள். ருவோலான் பின்னால் ஓடிக்கொண்டே, படிக்கவில்லை என்று பலர் தொலைபேசியில் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். வழியெல்லாம் ஷியூலுவான் திட்டிக்கொண்டே போனாள். யென்னை, கம்ப்யூட்டரை, மகனை, மகனைச் சேர்த்துக்கொண்ட கூட்டத்தை, கப்பல் என்று பொய் சொன்ன தன்னை. கோயில் படியில் காலை வைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டாள். பிறகு நேரே அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"நான் எங்க தப்பா அமுக்கினேன்? காட்டுங்க," என்றாள்.

யென் எழுந்து நாற்காலி போட்டார். தேநீர் ஊற்றினார். யாரையும் பெயர் சொல்லவில்லையே, மனசில் வைத்துக்கொள்ளாதே தங்கச்சி என்றார். அவள் உட்காரவில்லை. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். இரண்டு கைகளாலும் நீட்டிய தேநீர் அப்படியே நின்றது.

மூலையிலிருந்து திங்யுவான் எழுந்தான்.

"நீங்க தப்பு பண்ணலை சித்தி. ஒரு வரியை நான்தான் எடுத்தேன். இவகிட்ட கேட்காம எடுத்தேன்."

"என்கிட்ட மட்டும் சொன்னா?" என்றாள் ஷியூலுவான். "பொய் மட்டும் ஊருக்குக் கேக்கணும், நிஜம் இந்த ரூமுக்குள்ளயா? அதுல சொல்லு."

ஒலிவாங்கி யென்னின் மேசைமேல் இருந்தது. திங்யுவான் போய் அதற்கு எதிரே நின்றான். யென் தடுப்பதற்குக் கையைத் தூக்கினார். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தேடிவிட்டு, கடைசியில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். திங்யுவான் தன் முழுப்பெயரைச் சொன்னான். சற்று முன் வந்த அறிவிப்பு சரியல்ல, அந்தப் பக்தர் மேல் எந்தத் தவறும் இல்லை, தளத்தை அமைத்த நான் செய்த தவறு என்றான். குரல் நடுவில் உடைந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். ருவோலானுக்கு அவன்மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனாலும் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் முடித்ததும் யென் ஒலிவாங்கியை அணைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடியும் போட்டு, "சோதனைக்கு இன்னொரு பேரு கேட்டாங்க. நான் குடுக்கலை," என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்தார்.

ஷியூலுவான் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை.

"அந்த விளக்கை எடுத்துடுங்க," என்றாள். "கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துட்டுக் கையால எழுதுங்க. நான் சொல்றேன்."

எழுதும் சாளரம் முன்கூடத்தில் இருந்தது. தளம் கோளாறு என்று கேட்டு நேரில் வந்தவர்கள் அங்கே வரிசையாக நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் ஒரு பக்கமாக விலகி இடம் விட்டார். இரக்கப்பட்டு விடுகிறாரா என்று அவள் அவரை முறைத்தாள். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாளரத்துக்கு வந்தாள். யென்னே உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

மகன் பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள். முகவரி என்று கேட்க யென்னுக்கு நா எழவில்லை. காலியாக விட்டுவிடலாம், அம்மனுக்குத் தெரியும் என்று மெல்லச் சொன்னார்.

"அம்மனுக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியும். எழுதுங்க," என்றாள் உரத்த குரலில். "தைனான் சிறை."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது ருவோலான் நீளக் கம்பி இழுபட அலுவலகத் தொலைபேசியோடு வந்து நின்றாள். காவ்ஷியுங்கிலிருந்து ஒரு பெண்மணி, பெயர் அ-கிம். உங்களிடம்தான் பேச வேண்டும் என்கிறாள் என்றாள். ஷியூலுவான் வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்ன, நீங்களும் படிக்கலையா?"

"படிச்சேன்," என்றது எதிர்க்குரல். பக்கத்தில் நின்ற ருவோலானுக்கும் கேட்டது. "முழுசாப் படிச்சேன் அக்கா. மன்னிச்சுக்கங்க. என் பொண்ணும் உள்ளதான் இருக்கா. வேற ஜெயில், ஆனா தைனான் ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டுக்கும் அதே பஸ்தான் போகுது. நான் எப்பவும் தனியாத்தான் போவேன். நீங்க எந்த வாரம் போறீங்க?"

ஷியூலுவான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். முகவரியை எழுதி முடித்த யென் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இருங்க," என்றாள் ஷியூலுவான் தொலைபேசியில், இன்னும் கோபமான குரலிலேயே. "இங்க ஒரு பேரு எழுதிட்டு இருக்கேன். உங்க பொண்ணு பேரு என்ன, பிறந்த தேதி என்ன? சொல்லுங்க, அடுத்து எழுதச் சொல்றேன்."